அசாயி எல்லா ஊரிலும் இனிப்பு அல்ல

அசாயி என்பது அமேசான் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் சிறு பழம். "பிரேசில் முழுவதும் அசாயி என்றால் வாழைப்பழமும் கிரானோலாவும் (வறுத்த ஓட்ஸ் கலவை) தூவிய குளிர்ந்த இனிப்புதான்" என்று சொல்லப்படுவது ரியோவுக்கும் சாவோ பாவுலோவுக்கும் பொருந்தலாமே தவிர, அப்பழம் விளையும் அமேசான் முகத்துவாரப் பகுதிக்குப் பொருந்தாது. பாரா மாநிலத் தலைநகரான பெலேமில், வெர்-ஓ-பெசோ சந்தையை ஒட்டிய படகுத்துறையில் விடியுமுன்பே கூடை கூடையாக வந்திறங்கும் பழத்தை, நீர்விட்டு அரைத்துக் கொட்டை நீக்கி, கருஊதா நிறக் குழம்பாக அன்றன்றே விற்கிறார்கள். அதில் வறுத்த மரவள்ளிக் குருணையைத் தூவி, பொரித்த மீனுடனோ உலர்ந்த இறாலுடனோ மதிய உணவாகவே உண்பது அங்குள்ள வழக்கம். சர்க்கரை சேர்த்துக்கொள்வோர் அங்கும் உண்டு. ஆனால் குவரானா என்னும் அமேசான் பழத்தின் பாகு கலந்து உறையவைத்த கிண்ணம், பழக்கூழ் தெற்கு நகரங்களுக்குச் சென்றபின் அங்கே பரவிய வடிவமாகும். சந்தைக் கடையில் மீன் தட்டோடு அசாயி வந்தால், தவறாகப் பரிமாறிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.