தேநீருக்குப் பிறகு பாப்பம்

திருகோணமலையில சுற்றுச்சூழல் கலந்துரையாடல் எண்டால் இனி என்னைக் கூப்பிட வேண்டாம். ஏசி மண்டபம், ஆளுக்கொரு குட்டித் தண்ணிப் போத்தில், திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து. நிலாவெளிக் கடலில இருக்கிற புறாத்தீவின்ர முருகைக்கல்லை, அதுதான் பவளப்பாறையைப் பற்றித்தான் பேச்சு. 2003இல தேசியப் பூங்காவாக்கின இடம். சனம் முருகைக்கல்லில ஏறி மிதிச்சு நிண்டு படம் எடுக்குது, கடல் சூடாகி உள்ளுக்கிருக்கிற பாசி கழண்டு கல் வெளுக்குது. சரி, உண்மைதான். ஆனா நிலாவெளியில படகு ஓட்டுற அண்ணர் பின்வரிசையில கை தூக்கினா, "நேரம் போட்டுது, தேநீருக்குப் பிறகு பாப்பம்" எண்டு மைக்கை வாங்கியாச்சு. தேநீருக்குப் பிறகு எந்த நிபுணர் இருந்தார்? அவையளை ஏத்தின வான் வெளிக்கிட்டிட்டுது.

மிஞ்சினவைக்கு மத்தியானச் சோறு. பிரிச்சா லஞ்ச் சீட், சோறு சுத்துற பொலித்தீன் தாள்! 2017இல தடை செய்த சாமான். நிலைபேறான அபிவிருத்தி எண்டு காலமை முழுக்கக் கத்தினவரே அதைச் சுருட்டி வாசல் கூடைக்குள்ள எறியிறார். கூடை ஏற்கெனவே நிரம்பி வழியுது. எங்கட ஊர் மான் குப்பைக்குள்ள பொலித்தீன் திண்டு சாகிறதை இவருக்கு ஆர் சொல்லுறது? அதுக்கும் தனியா ஒரு அமர்வு வைப்பினமாக்கும். சான்றிதழ் மட்டும் நல்ல தடிச்ச மட்டையில, பிளாஸ்டிக் உறை போட்டுத் தந்தவை.