வெற்றியைக் கற்பனை செய்வது பற்றி ஒரு திருத்தம்

"வெற்றி பெற்றுவிட்டதாகத் தினமும் கற்பனை செய்தாலே போதும், இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. உளவியல் ஆய்வாளர்களான லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மதிப்பெண் கண்டு பூரிப்பதை மட்டுமே தேர்வுக்கு முந்தைய நாட்களில் மனக்கண்ணில் கண்ட மாணவர்களைவிட, மேசையில் அமர்ந்து பாடக் குறிப்புகளைப் புரட்டிப் படிப்பதைக் கண்டவர்களே முன்னதாகப் படிக்கத் தொடங்கி, கூடுதல் மதிப்பெண்ணும் பெற்றனர். கற்பனை நிச்சயம் உதவும். எதைக் கற்பனை செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த உதவி அமைகிறது.

வெற்றி என்றாலே பணமும் பதவியும்தான் என்று அந்த நண்பர் கொள்வதும் எனக்கு வருத்தம் தருகிறது. மாலையில் குழந்தையோடு ஒரு மணி நேரம் இருப்பதையே வெற்றியாகக் கருதும் ஒருவர், தாம் ஆறு மணிக்கு மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்திருக்கும் காட்சியைத்தான் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.