"வெறும் சத்தம்" இல்லை

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். "மிருகம் போடுவது வெறும் சத்தம், மொழி நமக்கு மட்டும்" என்றார் ஒருவர். பருந்துக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று குரல் மாற்றும் எங்கள் பாட்டி வீட்டுக் கோழியைப் பற்றி நான் போட்ட கமெண்டை வாசித்துக்காட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

வெறும் சத்தம் இல்லை. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளுக்குச் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. செய்ஃபார்த், செனி, மார்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அந்தக் குரல்களைப் பதிவு செய்து, ஸ்பீக்கரை ஒளித்துவைத்துக் குரங்குகளுக்கே போட்டுக் காட்டினார்கள். ஆய்வு 1980இல் வந்தது. சிறுத்தைக் குரலுக்கு மரமேறின. கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன, புதருக்குள் ஓடின. பாம்புக் குரலுக்குத் தரையைப் பார்த்தன. அங்கே சிறுத்தையும் இல்லை, பாம்பும் இல்லை, குரல் மட்டும்தான்! குட்டிகள் தீங்கில்லாத பறவைக்கும் கழுகுக் குரல் கொடுத்து, வளர வளரத் திருந்துகின்றன. ஆட்டையும் "பௌ பௌ" என்கிற நம் வீட்டுக் குழந்தை மாதிரி.

"பயத்தில் கத்துவதுதானே?" என்பீர்கள். சரி, பயம்தான். வெறும் பயம் என்றால் எதற்கு மூன்று குரல்?

எங்கள் பாட்டி அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். வெளியே கோழி மெல்லிசாக, நீளமாக ஒரு இழுப்பு இழுத்தால், "பருந்துடா, பஞ்சாரத்தைக் கவுத்து" என்பாள். கொக் கொக்கென்று விட்டுவிட்டுக் கத்தினால், "பூனை வந்திருக்கு, ஓடு". ஒருநாளும் தப்பியதாக எனக்கு நினைவில்லை. மார்லரும் கூட்டாளிகளும் இதையே கோழிகளிடம் சோதித்து 1993இல் எழுதியிருக்கிறார்கள். வானத்து ஆபத்துக்கு ஒரு குரல், தரை ஆபத்துக்கு வேறு குரல். வாசித்தபோது கண் கலங்கிவிட்டது.

"அப்போ கோழியும் நாமும் ஒன்றா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. நேற்று வந்த பருந்தைப் பற்றிக் கோழி இன்று பேசியதாக யாரும் காட்டியதில்லை. இலக்கணம் என்று கேட்டால் ஜப்பானியப் பட்டாணிக்குருவியைப் பாருங்கள். "சுற்றிப் பார்", "வா" என்ற இரண்டு குரலையும் அதே வரிசையில் கேட்டால்தான் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நெருங்கி வருகிறது. மாற்றிப் போட்டால் அவ்வளவாக அசைவதில்லை. சுசுகி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2016இல் காட்டியது. பேச்சு எலும்பு மாதிரி மண்ணில் புதைந்து கிடைக்காது. நம் மொழி எங்கிருந்து தொடங்கியது என்று தேட, உயிரோடிருக்கும் இந்தக் குரல்களைத்தானே கேட்க வேண்டும்?

என்னைச் சிரித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஒருத்தி அறுபது வருஷம் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சிரித்தார்கள். "எதற்கு வம்பு, கமெண்டை அழித்துவிடு" என்று இன்பாக்ஸில் இரண்டு பேர். அழிக்க மாட்டேன்.