படம் இருக்கிறது, பெயர் எங்கே?

பழைய குடும்பப் படங்கள் பொக்கிஷம் என்று சொல்லாதவர் கிடையாது. குடும்ப வாட்ஸப் குழுவில் யாராவது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டால் போதும், மளமளவென்று இதயங்கள் விழும். ‘என்ன களை!’, ‘அப்படியே நம்ம சின்னவ ஜாடை’ என்று நாலு பேர் எழுதுவார்கள். அப்புறம் ஒரு மாமா ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புவார், படம் மேலே போய்விடும். பின்வரிசையில் இடப்பக்கம் ஓரமாக நிற்கிற அந்தப் பெண் யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் தெரிந்தவர் குழுவில் இருக்க மாட்டார். எண்பதைத் தாண்டிய அவரிடம் பட்டன் போன்தான் இருக்கும்.

என் கட்சி இதுதான்: பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறைக்கு மேல் குடும்பப் படமாக இருக்காது. நம்பாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பழம்பொருள் கடைகளில் பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச் சட்டி, தேக்குத் தூண் இவற்றுக்கு நடுவே யார் வீட்டுத் தாத்தா பாட்டியோ பிரேமோடு விலைக்குக் கிடைக்கிறார்கள். வாங்குகிறவர்கள் பிரேமைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உள்ளே இருப்பவர்களைப் பெற்றெடுத்த ஊர் பக்கத்திலேயே கூட இருக்கலாம்.

1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை மட்டும் 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். எந்த ஊர், எந்தக் கோயில் என்று தலைப்புப் போட்டு வெளியிட்டதால் இன்றைக்கும் குழப்பமில்லை. அதற்கு எண்பது வருஷம் கழித்து எடுத்த எங்கள் வீட்டுப் படங்களின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரைதான் இருக்கிறது. கடைக்காரர் தன் பெயரை மறக்காமல் போட்டுக்கொண்டார். நாம்தான் போடவில்லை.

எங்கள் வீட்டில் அப்படி இரண்டு படங்கள். ஒன்று ரங்கூனில் எடுத்தது: கோட்டு போட்டு, ஒரு கையை நாற்காலி முதுகில் வைத்து நிற்கிற என் பூட்டன். அங்கே லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். இன்னொன்று இங்கே சிவகங்கைச் சீமையில் எடுத்தது: கழுத்து நிறைய நகையோடு உட்கார்ந்திருக்கும் பூட்டி, மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் என் அப்பத்தா. பார்க்கிற எவரும் ‘அந்தக் காலத்திலேயே நல்ல வசதி போல’ என்பார்கள். நாங்களும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். அப்பத்தா ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து படத்தைக் கையில் வாங்கினார்.

“அந்த அட்டிகை எங்காத்தாவுது இல்ல ஆத்தா. எங்க அத்த கழட்டிக் குடுத்தது. படம் புடிச்ச கையோட திருப்பி வாங்கிக்கிட்டாக. வளையல் ரெண்டுந்தான் சொந்தம்.”

பூட்டன் போட்டிருந்த கோட்டும் ஸ்டுடியோவுடையதாம். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஆணியில் ஒரு கோட்டு எப்போதும் தொங்கும். யார் வந்தாலும் அதே கோட்டுதான். ஆக, நான் இங்கே நன்றாக இருக்கிறேன் என்று அவர் இரவல் கோட்டில் படம் அனுப்ப, நாங்களும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று இவர் இரவல் அட்டிகையில் படம் அனுப்ப, இரண்டும் கப்பலில் போய்வந்திருக்கின்றன. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பிய கூட்டத்தில் பூட்டனும் ஒருவர். அவர் கொண்டுபோயிருந்த பூட்டியின் படம் வழியில் எங்கோ போய்விட்டது. நம்மிடம் இருப்பது வீட்டுக்கென்று வாங்கிவைத்த பிரதி.

இந்தக் கதையில் ஒரு வரி கூடப் படத்தில் இல்லை. படம் சொன்னது வசதியான குடும்பம் என்று. அப்பத்தா சொன்னதுதான் குடும்பம். படத்தைப் பத்திரப்படுத்திவிட்டு அதைச் சொல்லத் தெரிந்தவரை விட்டுவிட்டால் மிஞ்சுவது அந்த வசதியான பொய்தான். நான் பொய்யைக் குறைசொல்லவில்லை. ரங்கூனிலிருந்து வருகிற காகிதத்தை வாசலிலேயே உட்கார்ந்து எதிர்பார்த்தவர்களுக்கு அந்தப் பொய் தேவையாக இருந்திருக்கிறது. ஆனால் பேரன் பேத்திகளுக்கு இரண்டும் வேண்டும்.

ஸ்டுடியோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தாழம்பூ ஜடை தைத்த பெண்களை எப்படி எடுத்திருக்கிறார்கள் பாருங்கள். முகமும் தெரிய வேண்டும், அவ்வளவு நேரம் உட்கார்ந்து தைத்த ஜடையும் தெரிய வேண்டும். அதனால் பின்னால் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, முகத்தை நேராகவும் ஜடையைக் கண்ணாடிக்குள்ளும் ஒரே படத்தில் பிடித்துவிட்டார்கள். கேமராவும் வெளிச்சமும் கண்ணாடியில் விழாமல் பார்த்துக்கொண்டது தனிக் கெட்டிக்காரத்தனம். அந்தக் கலைஞர்கள் பலரின் பெயரும் நமக்குத் தெரியாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித்தேடி மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். நாம் பரண்மேல் போட்டதை அவர்கள் ஆவணம் என்று மதித்திருக்கிறார்கள்.

சரி, பின்பக்கம் பெயர் எழுதியிருக்கிற படங்களாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. ஆண்களுக்கு இனிஷியலோடு பெயர் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘சம்சாரம்’. நிற்கிற இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ‘மகள்கள்’. எங்கள் பெரியப்பா வீட்டு ஆல்பத்தில் ஒரு நாய்க்குப் பெயர் எழுதியிருக்கிறது, நாயைப் பிடித்திருக்கும் அத்தைக்கு எழுதவில்லை. கல்யாணமாகிப் போன பெண்கள் எந்த வீட்டுப் படத்திலும் பெயரில்லாமல் ஓரமாக நிற்பார்கள். அதனால் பெயர் எழுத உட்காரும்போது பெண்களிலிருந்து ஆரம்பியுங்கள். ஆண்களின் பெயரைப் பத்திரம், பட்டா, கல்யாணப் பத்திரிகை என்று எங்கிருந்தாவது தேடி எடுத்துவிடலாம்.

இதையெல்லாம் பேச முடிகிறது என்பதே ஒரு சலுகை. ஸ்டுடியோவுக்குப் போகக் காசும், போனால் உள்ளே விடுகிற சாதியும் வேண்டியிருந்த காலம் அது. ஏராளமான விவசாயக் கூலிக் குடும்பங்களில் தாத்தா பாட்டி படம் என்று ஒன்று கிடையாது. 1993க்குப் பிறகு வாக்காளர் அடையாள அட்டைக்கு எடுத்ததுதான் பலருக்கு வாழ்நாளின் முதல் படம், சிலருக்கு ஒரே படம். அவர் இறந்ததும் அந்தத் தபால்தலை அளவுப் படத்தை எடுத்துப் பெரிதாக்கி, கணினியில் வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டு வைத்து, பின்னால் நீலவானம் ஒட்டி மாலை போட்டு மாட்டுவார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பூட்டனுக்கு ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டு வேறென்ன?

படத்தோடு பெயரும் சேர்ந்தால் என்ன பலம் வரும் என்பதை இலங்கையில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்த்தால் தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம். அவர்கள் கையில் பிடித்திருப்பது ஒரு படமும் ஒரு பெயரும்தான். அப்படி ஒருவன் பிறந்தான், இருந்தான் என்பதற்கு வீட்டு ஆல்பத்திலிருந்து எடுத்த படம் சாட்சி சொல்கிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அந்த ஆல்பத்தையும் தொலைத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது புதிதாக ஒரு வியாதி வந்திருக்கிறது. செயலியில் போட்டுக் கலர் ஏற்றுவது, முகத்தைத் தெளிவாக்குவது. எங்கள் பூட்டன், பூட்டி படங்கள் இரண்டையும் ஒரு தம்பி அப்படிச் செய்து அனுப்பினான். பூட்டியின் சேலை நீலமாகிவிட்டது, அது அரக்குக் கண்டாங்கி என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். பூட்டன் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பைக் காணோம், மாவு பூசிய மாதிரி வழவழவென்று ஒரு கன்னம். மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று செயலிக்குத் தெரியாது. அது தானாக ஒரு முகத்தை வரைந்து கொடுக்கிறது. ஆசைக்குச் செய்து பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குடும்பக் குழுவில் சுற்றுவது அந்தப் படமாக இருந்தால், பத்து வருஷத்தில் அதுதான் பூட்டன் என்று ஆகிவிடும். ஸ்கேன் செய்த அசலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பது பற்றிச் சுருக்கமாக. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள், அது தாக்குப்பிடிக்கும். எழுபது, எண்பதுகளின் கலர்ப் படங்களில் இருப்பது சாயம். அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடுவதால்தான் நம் அப்பா அம்மா கல்யாண ஆல்பம் மட்டும் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அதைத்தான். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, கண்ணாடிக்கு மேலேயே ஸ்கேன் எடுங்கள். வெள்ளத்தில் நனைந்ததை அடுக்கிவைத்துக் காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பின்பக்கம் வழவழப்பாக இருக்கும் பிந்தைய காலப் படங்களில் பென்சில் பிடிக்காது; ஒரு காகிதத்தில் எழுதிப் படத்தோடு உறையில் போடுங்கள்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பெரியவர்கள் மத்தியானம் தூங்கி எழுந்து காபி குடித்து முடித்த நேரம் பார்த்து ஆல்பத்தைக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போனால் எரிந்துதான் விழுவார்கள். இது யார், அது யார் என்று பரீட்சை மாதிரிக் கேட்டால் இரண்டு படத்தில் அலுத்துவிடும். இந்தத் தோடு யாருடையது, இந்த நாற்காலி இப்போது எந்த வீட்டில் இருக்கிறது, அன்றைக்கு ஸ்டுடியோவுக்கு எதில் போனீர்கள் என்று கேளுங்கள், ஆட்கள் தானாக வருவார்கள். போனில் ரெக்கார்டர் ஓடட்டும். முதலில் வருவது பெரும்பாலும் யாருக்கும் யாருக்கும் என்ன சண்டை, பாகப்பிரிவினையில் யார் எதை அமுக்கினார்கள் என்பதுதான். அதையும் அழித்துவிடாதீர்கள்.