கியர் ஆயில் 90, என்ஜின் ஆயில் 50-ஐ விடக் கெட்டியா?

புதுச்சேரி, கடலூர் கார் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “ஸ்போர்ட்ஸ் கார் டிஃபரன்ஷியலில் 75டபிள்யூ-90 ஊற்றாதீர்கள். 90 என்றால் ரொம்பக் கெட்டி, வேகம் குறையும். 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலே போதும்.”

தவறு. டிஃபரன்ஷியல் என்பது என்ஜின் சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி; 75டபிள்யூ-90 அதற்கான கியர் ஆயில். கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த கெட்டித்தன்மை அளவுகோலே வேறு. 100 டிகிரி செல்சியஸில் 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, என்ஜின் ஆயிலில் 40, 50 தரங்கள் இருக்கும் இடத்தில்தான் வருகிறது. எண்ணைப் பார்த்துப் பயந்ததுதான் மிச்சம்!

கெட்டித்தன்மையை விட முக்கியமானது உள்ளே கலந்திருப்பது. டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பற்கள் (அச்சுகள் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகி அமைந்த வளைபற்கள்) ஒன்றின் மேல் ஒன்று அழுந்திச் சறுக்கும். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்தாலும் உலோகத்தைக் காக்க, ஜிஎல்-5 என்ற தரக்குறியீடு கொண்ட கியர் ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் போதிய அளவில் உண்டு. என்ஜின் ஆயிலை நம்பினால் பற்கள் தேயும்.

கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) இருந்தால் அதற்கான ஃப்ரிக்ஷன் மாடிஃபையரும், அதாவது உராய்வைச் சீராக்கும் சேர்மமும், தேவைப்படும். இல்லாவிட்டால் புதுச்சேரி ஒயிட் டவுன் தெருமுனைகளில் மெதுவாகத் திரும்பும்போதே பின்பக்கம் கடகடக்கும். காரின் கையேடு சொல்லும் தரத்தையே வாங்குங்கள்.

மழைவெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டினீர்களா? கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலைச் சோதியுங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றுங்கள். அப்புறம், முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள ஊற்றும் பிளக். அது இறுகிப்போயிருந்தால், வடித்த பிறகு திரும்ப ஊற்ற வழியே இருக்காது.