முதல்ல உங்க எஸ்எம்பிஎஸ் என்னன்னு சொல்லுங்க

நேத்து ராத்திரியிலிருந்து, ஒரு கிராபிக்ஸ் கார்டு கம்பெனியைத் திட்டின பழைய பதிவோட ஸ்கிரீன்ஷாட் ஒண்ணே இன்பாக்ஸுக்குப் பதினோரு தடவை வந்திருச்சு. "இது நீங்க எழுதினதுதானே சார்?" ஆமாங்க, நான் எழுதினதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, ராத்திரி ரெண்டு மணிக்கு, கோபத்துல. பேரும் என்னுது, போட்டோவும் என்னுது, எழுத்துப்பிழையும் என்னுது.

நடந்ததைப் பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். முதல் வருஷம் படிக்கிற ஒரு பையன், வீட்டு கம்ப்யூட்டருக்கு என்விடியா கிராபிக்ஸ் கார்டு வாங்கவா ஏஎம்டி வாங்கவான்னு கேட்டான். கொஞ்சம் கேம், கொஞ்சம் பிளெண்டர்ங்கிற 3டி மென்பொருள்னு போட்டிருந்தான். நான் எழுதினது மூணே வரி. பிளெண்டர் நிறைய ஓட்டுவேன்னா என்விடியா பக்கம் பாரு, கேம்தான் முக்கியம்னா ஏஎம்டியையும் கணக்குல வை, அதுக்கெல்லாம் முன்னாடி உன் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிற பெட்டி) என்ன, மானிட்டர் என்னன்னு சொல்லு. அவ்வளவுதான். இதுக்குப் பச்சைக்காரங்க, அதாவது என்விடியா ரசிகர்கள், என்னை சிவப்பு ஏஜென்ட்னாங்க, சிவப்புக்காரங்க, அதாவது ஏஎம்டி ரசிகர்கள், பச்சைக்கு ஜால்ரான்னாங்க. ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் கூலி வாங்குறது சாமர்த்தியம்தான், ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் அந்த ஸ்கிரீன்ஷாட் இறங்குச்சு. பையன் பதிவையே அழிச்சிட்டுப் போயிட்டான்.

சரி, இப்ப நிதானமாவே சொல்றேன். எந்தக் கம்பெனிங்கிறது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி இல்ல, ரெண்டாவது கேள்வியும் இல்ல. என்ன வேலைக்கு, எந்த மானிட்டர்ல, எந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி, எந்த கேபினெட்டுக்குள்ள. இதுக்கெல்லாம் பதில் தெரியாம "கண்ணை மூடிட்டு இதை எடு"ன்னு சொல்றவர் நிஜமாவே கண்ணை மூடிட்டுத்தான் சொல்றார்.

இப்ப அந்தப் பழைய பதிவுக்கு வர்றேன். "இனி ஜென்மத்துக்கும் இந்தக் கம்பெனி கார்டைத் தொடமாட்டேன்"னு எழுதியிருந்தேன். எந்தக் கம்பெனின்னு இங்க சொல்ல மாட்டேன். ஸ்கிரீன்ஷாட் பார்த்தவங்களுக்குத் தெரியும், பார்க்காதவங்க நிம்மதியா இருங்க. புது கார்டு போட்டிருந்தேன். விண்டோஸ் வருது, வீடியோ ஓடுது, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கேமைத் திறந்து ரெண்டு மூணு நிமிஷம் ஆனதும் திரை கறுத்து, ஃபேன் சத்தம் அடங்கி, மெஷின் தானாவே ரீஸ்டார்ட் ஆகும். கார்டை ஓட்டுற மென்பொருள் இருக்கே, அந்த டிரைவர்தான் பிரச்சனைன்னு முடிவு பண்ணிட்டேன், ஏன்னா இந்தக் கம்பெனி டிரைவர் மோசம்னு பத்து பேர் சொல்லிக் கேட்டிருந்தேன். சேஃப் மோடுல போய், டிரைவரை மிச்சமில்லாம அழிக்கிற டிடியூங்கிற புரோகிராமை வச்சு துடைச்சேன். பழைய டிரைவர் போட்டேன், புது டிரைவர் போட்டேன். விண்டோஸையே ரெண்டு தடவை புதுசா ஏத்தினேன். பதிமூணாவது நாள்தான் அந்தப் பதிவு.

அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை நண்பர் ஒருத்தர் வந்தார். அண்ணன்னுதான் கூப்பிடுவேன், பேர் வேண்டாம். வந்தவர் டிரைவரைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. பக்கவாட்டு மூடியைக் கழட்டி, மொபைல் டார்ச்சை அடிச்சு, எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னார். பெரிய எழுத்துல 450 வாட். "அதை விடு, கீழ கட்டத்துல 12 வோல்ட்டுக்கு நேரா என்ன போட்டிருக்கு?" 25 ஆம்பியர். "பன்னெண்டை இருபத்தஞ்சால பெருக்கு." 300 வாட். கார்டும் பிராசஸரும் சாப்பிடுறது கிட்டத்தட்ட பூரா அந்த 12 வோல்ட் லைன்லதான். மீதி 150 வாட் நமக்கு உதவாத 3.3, 5 வோல்ட் லைன்களைச் சேர்த்துக் காட்டின கணக்கு. போதாததுக்கு, கார்டுல இருந்த ரெண்டு எட்டு பின் சாக்கெட்டையும் ஒரே ஒயர்ல ரெட்டை வால் மாதிரி தொங்கின இணைப்பால நிரப்பி வச்சிருந்தேன். அண்ணன் தன் மெஷின்லேர்ந்து கழட்டிக் கொண்டுவந்திருந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாத்தினார், ரெண்டு சாக்கெட்டுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தார். மூணு மணி நேரம் ஓட விட்டோம். இமைக்கக்கூட இல்ல.

தப்பு கார்டு மேல இல்ல, டிரைவர் மேல இல்ல. என் மேல.

அப்ப ஏன் பதிவை எடுக்கலன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்கு முந்நூறு லைக் விழுந்திருந்துச்சு, மறுப்பு போட்டா யார் படிக்கப்போறாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது சமாதானம். வெட்கம்தான் காரணம். இதை நான் இன்னிக்கு ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்தப் பையன்கிட்ட நான் முதல்ல எஸ்எம்பிஎஸ் கேட்டது இதனாலதான். அடிபட்டவன் கேட்கிற கேள்வி அது. அதைத்தான் "பேச்சை மாத்துறார்"னு எழுதினீங்க.

மானிட்டர் கேட்டதுக்கும் சிரிச்சீங்க. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாத்தும். கார்டு 140 ஃப்ரேம் தள்ளினாலும் கண்ணுக்கு வர்ற படம் 60தான். 1080பி, 60 ஹெர்ட்ஸ் திரை வச்சிருக்கிற பையன்கிட்ட இருக்கிறதுலயே பெரிய கார்டை வாங்குன்னு ரெண்டு கட்சியும் சேர்ந்து தள்ளினீங்க. அதுல மட்டும் உங்களுக்குள்ள ஒத்துமை. என் மச்சான் கதையையும் சொல்லிடறேன், அவன் கோச்சுக்க மாட்டான். பெரிய கார்டு வாங்கி மாட்டிட்டு மூணு மாசம் மானிட்டர் ஒயரை மதர்போர்டு சாக்கெட்டுலயே சொருகி வச்சிருந்தான். கேம் ஓடினது பிராசஸருக்குள்ள இருந்த குட்டி கிராபிக்ஸ்ல. அந்த மூணு மாசமும் தன் கார்டு எவ்வளவு உசத்தின்னு ஊரெல்லாம் வாதாடிக்கிட்டிருந்தான்.

சிரிப்பு வருதில்ல? இப்ப சொல்லுங்க, பெட்டி மேல இருக்கிற பேர் என்ன பண்ணுச்சு?

பேருன்னதும் ஞாபகம் வருது. பேரை நம்புறவங்களை ரெண்டு கம்பெனியும் எப்படி வச்சு செஞ்சிருக்காங்கன்னு பாருங்க. 2016ல என்விடியாவோட ஜிடிஎக்ஸ் 1060 வந்தப்ப 3 ஜிபி, 6 ஜிபின்னு ரெண்டு. மெமரி மட்டும்தான் வித்தியாசம்னு நினைச்சு வாங்கினாங்க. ஆனா கணக்குப் போடுற கோர் 6 ஜிபில 1280, 3 ஜிபில 1152. ஜிடி 1030ல இன்னும் கொடுமை. 2018ல அதே பேர்ல டிடிஆர்4 மெமரி போட்டு ஒண்ணு விட்டாங்க, மெமரி வேகம் பழையதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. ஜிடிஎக்ஸ் 970ல 4 ஜிபின்னாங்க, கடைசி அரை ஜிபி நொண்டுச்சு. அமெரிக்காவுல வழக்கு போட்டு 2016ல ஆளுக்கு 30 டாலர் குடுத்து சமாதானம் ஆனாங்க. 2022ல ஆர்டிஎக்ஸ் 4080ன்னு ரெண்டு அறிவிச்சு, கத்தின கத்துல 12 ஜிபி கார்டை வாபஸ் வாங்கி, அடுத்த ஜனவரில அதையே 4070 டிஐன்னு கொண்டுவந்தாங்க.

பச்சையை மட்டும் அடிக்கிறேன்னு யாரோ டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க, பொறுங்க. 2022 ஜனவரில ஏஎம்டி விட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபி மெமரி, மதர்போர்டோட பேச நாலே லேன் (டேட்டா போற பாதை), வீடியோ பதிவு பண்ற என்கோடரும் கிடையாது. லேன் நாலுதான்கிறதால அந்தப் பாதை மெதுவா இருக்கிற பழைய பிசிஐஇ 3.0 போர்டுல போட்டா இன்னும் இழுக்கும். யார் இந்த மாதிரி சின்ன கார்டு வாங்குவாங்க? பழைய போர்டு வச்சிருக்கிறவங்கதான். 2025ல பாருங்க, என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ரெண்டுலயும் 8 ஜிபி ஒண்ணு, 16 ஜிபி ஒண்ணு, பேர் ஒண்ணேதான். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி.

ஒருவிதத்துல அப்படித்தான். என்விடியாவை நடத்துற ஜென்சன் ஹுவாங், ஏஎம்டியை நடத்துற லிசா சூ ரெண்டு பேரும் தைவான்ல பொறந்தவங்க, சொந்தக்காரங்க. நம்ம முறையில சொன்னா லிசா சூவோட அம்மாவுக்கு ஜென்சன் அத்தை பையன். ரெண்டு கம்பெனியோட இப்போதைய சிப்பும் டிஎஸ்எம்சிங்கிற ஒரே கம்பெனி செஞ்சு தர்றது. இன்டெல்லோட ஆர்க் கார்டு சிப்பும் அங்கதான். அங்க சொந்தம் சொந்தமாத்தான் இருக்கு. இங்க நாம பச்சை சிவப்புன்னு பிளாக் பண்ணிக்கிட்டிருக்கோம்.

"அப்ப எல்லா கார்டும் ஒண்ணுதான்னு சொல்றியா?" இல்ல. நான் எங்க சொன்னேன்? பிளெண்டர்ல ரெண்டர் பண்றவன், ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கிறவன், இவங்களுக்கு என்விடியாதான் சுலபம். 2007ல குடாவை (கார்டுல கணக்கு வேலை ஓட்டுறதுக்கான அவங்க மென்பொருள் தளம்) வெளியிட்டு அன்னிக்கிலேர்ந்து விடாம அதுல உழைச்சிருக்காங்க, பெரும்பாலான மென்பொருள் அதை நினைச்சுத்தான் எழுதப்படுது. ஏஎம்டில அவங்களோட எச்ஐபிங்கிற தளம் வழியா பிளெண்டர் ஓடும், ஆனா அதே தரத்து கார்டை வச்சுப் பார்த்தா பெரும்பாலும் பின்தங்கும். லினக்ஸ் வச்சிருக்கிறவனுக்கு அப்படியே தலைகீழ். ஏஎம்டி டிரைவர் லினக்ஸோட மையமான கெர்னலுக்குள்ளயே இருக்கு, சொருகினா ஓடும். 2012ல லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு மேடையிலேயே நடுவிரல் காட்டினார். அப்புறம் அவங்களும் கொஞ்சம் திருந்தியிருக்காங்க, அது வேற கதை. இன்டெல்லை வாயே திறக்காம விட்டுட்டீங்க. 2024 டிசம்பர்ல வந்த அவங்க ஆர்க் பி580 கார்டுல 12 ஜிபி இருக்கு. ஆனா போர்டுல ரீசைஸபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் பிராசஸர் ஒரேயடியா எட்ட விடுற வசதி) இல்லாட்டி அந்த கார்டு பாதி உயிர்தான், அதனால பழைய போர்டுக்கு நான் சொல்ல மாட்டேன். பார்த்தீங்களா, மறுபடி "உன்கிட்ட என்ன இருக்கு"ங்கிற கேள்விக்கே வந்து நிக்குது.

"ரே டிரேசிங்?" கேம்ல வெளிச்சமும் நிழலும் நிஜம் மாதிரி தெரியணும்னா என்விடியா. அடுத்தது.

"ஏஎம்டி டிரைவர் குப்பை." இதைச் சொல்றவங்கள்ல பாதிப் பேர் ஏஎம்டி கார்டைக் கையால தொட்டதில்ல. நானும் ஒரு காலத்துல யாரோ சொன்னதைக் கேட்டு டிரைவரைத்தான் பழிச்சவன், அதனால எனக்கு இது சுள்ளுன்னு ஏறும். 2019ல ஆர்எக்ஸ் 5700 வரிசைல திரை கறுத்துப் போற தொல்லை இருந்துச்சு, நிறைய பேர் அல்லாடினாங்க, உண்மை. 2025 ஆரம்பத்துல ஆர்டிஎக்ஸ் 50 வரிசைலயும் திரை கறுத்துப் போச்சு, என்விடியா அவசரத் திருத்தமா ஹாட்ஃபிக்ஸ் மேல ஹாட்ஃபிக்ஸ் விட்டுச்சே, அதுவும் உண்மை. முதலாவதை ஆறு வருஷமா மறக்கல, ரெண்டாவதை ஆறே மாசத்துல மறந்துட்டீங்க. அதே மாதிரி, என்விடியா 4090ல 16 பின் பவர் கனெக்டர் உருகின படத்தை வச்சு இன்னிக்கும் மீம் போடுற சிவப்பு நண்பர்கள், ஏஎம்டியோட 7900 எக்ஸ்டிஎக்ஸ் ஒரிஜினல் கூலர் கோளாறால கார்டு 110 டிகிரிக்கு ஏறினப்ப எங்க போயிருந்தீங்க?

"பழையதா விற்கும்போது..." இதுக்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்ல. மன்னிக்கணும்.

"எவ்வளவு வாங்கினே?" இதுக்கு எழுதாம விடக்கூடாதுன்னுதான் உட்கார்ந்தேன், இப்ப எழுத வரல. பதினஞ்சு வருஷமா தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாருக்கும் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படிச்சுச் சொல்லிட்டிருக்கேன். கேபினெட்டுக்குள்ள கார்டு நுழையுமான்னு ஸ்கேலை வச்சு அளந்து மில்லிமீட்டர் சொல்லியிருக்கேன். நுழையலன்னப்ப ஹார்ட் டிஸ்க் கூண்டை எப்படிக் கழட்டறதுன்னு போன்லயே ஒரு மணி நேரம் சொல்லியிருக்கேன். இதுக்கு எந்த கம்பெனியும் ஒரு ஸ்டிக்கர்கூட அனுப்பினதில்ல. அனுப்பியிருந்தா கேபினெட்ல ஒட்டியிருப்பேன், அது வேற.

சொல்லக்கூடாதுன்னுதான் நினைச்சேன். அந்த ஸ்கிரீன்ஷாட் போட்டவர் யாரோ, எனக்குப் பழக்கமில்ல, அவர் மேல வருத்தமும் இல்ல. அதுக்குக் கீழ நாப்பத்தேழு ஹாஹா. ஒவ்வொண்ணா தள்ளிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அதுல அண்ணன் பேரும் இருந்துச்சு. அன்னிக்கு டார்ச் அடிச்சு 25 ஆம்பியர்னு படிக்க வச்ச அதே அண்ணன். நடந்தது என்னன்னு இந்த உலகத்துல என்னைத் தவிர தெரிஞ்ச ஒரே ஆள். ஒரு வரி எழுதியிருந்தா போதும். "அது எஸ்எம்பிஎஸ் பிரச்சனைப்பா, நான்தான் பார்த்தேன்"னு. சிரிச்சிட்டுப் போயிட்டார். பழக்கத்துல விரல் பட்டிருக்கும்னு வீட்ல சொல்றாங்க. இருக்கலாம்.

தம்பி, நீ இதைப் படிக்கிறியான்னு தெரியல. பதிவை அழிச்சதுல தப்பில்ல, நானா இருந்தாலும் அழிச்சிருப்பேன். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை ஒரு போட்டோ எடு, அந்த 12 வோல்ட் கட்டம் தெளிவாத் தெரியணும். மானிட்டர் பின்னாடி மாடல் நம்பர். கேபினெட்டுக்குள்ள கார்டு உட்கார்ற இடத்துலேர்ந்து முன்பக்க ஃபேன் வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு அளந்துக்கோ. மூணையும் இன்பாக்ஸ்ல அனுப்பு. கம்பெனியை அப்புறம் பார்த்துக்கலாம்.

அண்ணே, அன்னிக்கு நீங்க விட்டுட்டுப் போன காந்த முனை ஸ்க்ரூடிரைவர் இன்னும் என் மேஜை டிராயர்லதான் இருக்கு. வந்து வாங்கிக்கங்க.