வயிற்றுப்போக்குக்கு வெறும் குளுக்கோஸ் தண்ணீர் போதாது

"பேதியாகும் குழந்தைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் போதும், உப்பு கெடுதல்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. சிறுகுடலில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உறிஞ்சப்படுகின்றன. அவற்றின் பின்னால்தான் தண்ணீர் போகிறது. சர்க்கரையை மட்டும் கூட்டினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, பேதியை இன்னும் அதிகமாக்கிவிடும்.

1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசலைக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடி) பாக்கெட் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையா, சரி: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவில் போடாதீர்கள், உப்பு கூடினால் அதுவும் ஆபத்துதான். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.